பின்னேற்றத்துக்குப் படிவம் இல்லை

என் மகளுக்கு நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய மூன்றாவது மாதம், அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்த கணக்கும் மறந்துபோய்விட்டது. ஒன்பதாம் வகுப்பு. அவளுடைய ஆசிரியை என் மனைவியைக் கூப்பிட்டு, "வீட்ல யாராவது சொல்லிக்குடுக்கறாங்களா?" என்று கவலையோடு விசாரித்தாராம். என் மனைவி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: "உங்களுக்கு யாருக்காவது சொல்லிக்குடுத்தே ஆகணும்னா வெளில போய்ச் சொல்லிக்குடுங்க. நம்ம பிள்ளைய விட்டுடுங்க."

நான் அதை ஊக்கமாக எடுத்துக்கொண்டேன். நான் அப்படிப்பட்ட ஆள். லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். லிஃப்ட்டைத் தொட்டதில்லை. எந்தக் கட்டடத்துக்கு எந்த மெக்கானிக் எப்போது போக வேண்டும் என்று அட்டவணை போடுவதும், அவர்கள் கொண்டுவரும் சோதனைத் தாளில் எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலை. டிக் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். லிஃப்ட் ஓடுகிறதா என்று பார்ப்பது வேறு பிரிவு. இந்தத் தகுதியோடு தன்னார்வ ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தேன்.

டைல்ஸ் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது அந்த இடம். 'இளையோர் கற்றல் கூட்டுப்பயண மையம்' என்று பலகை. பள்ளித் தேர்வில் தவறிய பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு புதன்கிழமைதோறும் இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது தவறான தகவல் என்று முதல் நாளே திருத்தினார்கள். "நாம பாடம் நடத்தறதில்ல சார். கூட நடக்கறோம்," என்றார் ஒருங்கிணைப்பாளர் அம்மா. அவர் கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள் தொங்கின. ஒன்று அவருடையது. மற்ற இரண்டும் எதற்கு என்று கடைசிவரை தெரியவில்லை.

பிள்ளைகளைக் கண்ணில் காட்டுவதற்கு முன் எங்களுக்கு மூன்று சனிக்கிழமை பயிற்சி. மாணவர் என்று சொல்லக் கூடாது, பயணி. ஆசிரியர் என்று சொல்லக் கூடாது, துணைப்பயணி. வகுப்பு என்பது நடை. மேஜைக்கு யாரும் பெயர் யோசிக்கவில்லை போலிருக்கிறது, அது மேஜையாகவே இருந்தது. துணைப்பயணியின் நாற்காலி பயணியின் நாற்காலிக்கு நாற்பத்தைந்து டிகிரி கோணத்தில் இருக்க வேண்டும் என்று தரையில் பச்சை டேப் ஒட்டியிருந்தார்கள். 'தப்பு' என்ற சொல் தடை செய்யப்பட்டிருந்தது. அதற்குப் பதில் 'இதை இன்னொரு வழியில் பார்க்கலாமா' என்று கேட்க வேண்டும். மூன்று சனிக்கிழமையிலும் கணக்கு என்ற பேச்சே எழவில்லை. என்னோடு பயிற்சிக்கு வந்த ஒரு முன்னாள் வங்கி மேலாளர் மட்டும் கையைத் தூக்கி, "பசங்க எப்பம்மா வருவாங்க?" என்றார். ஒருங்கிணைப்பாளர் புன்னகைத்தார். "பயணிங்க வர்றதுக்கு முன்னாடி நாம வந்து சேரணும் சார்." எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டோம். நான் அடிக்கோடும் போட்டேன்.

எனக்குக் கிடைத்தவள் பயணி நூற்றுப் பதினெட்டு. பதினேழு வயது. முதல் நாள் வந்து உட்கார்ந்த உட்காரலில் நானே மனதுக்குள் அவளுக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்துவிட்டேன். பையை மடியில் வைத்துக்கொண்டு, கிளம்பத் தயாராக இருப்பவளைப் போலவே உட்கார்ந்தாள். அவளுடைய அம்மா ஒரு பெரிய சலவைக் கூடத்தில் ஓட்டல் படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலை பார்க்கிறார். இவளுக்குக் கண் மருத்துவமனை ஒன்றில், பார்வை பரிசோதிக்கும் உதவியாளர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை, கணக்கில் நாற்பது வாங்க வேண்டும். முதல் தடவை முப்பத்தொன்று, இரண்டாம் தடவை முப்பத்து நாலு. மூன்றாம் தடவைதான் கடைசி. அதுவரைக்கும்தான் இடத்தை வைத்திருப்பார்களாம்.

"இல்லன்னா?" என்று கேட்டேன்.

"அம்மா பக்கத்துல இன்னொரு மடிக்கற மிஷின் காலியா இருக்கு சார்," என்றாள்.

பரீட்சைக்குப் பதினாறு வாரம் இருந்தது. முதல் கணக்காக அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதினாள்.

"இதை இன்னொரு வழியில் பார்க்கலாமா?" என்றேன்.

"தப்பா சார்?"

"தப்புன்னு சொல்லல."

"அப்ப சரியா?"

"சரின்னும் சொல்ல முடியாது."

"அப்ப என்ன சார் இது?" என்று தான் எழுதியதையே வெறித்துப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. பென்சிலை வாங்கி நானே போட்டுக் காட்டினேன். ரொம்ப அழகாகப் போட்டேன். அடுத்த கணக்கையும் நானே போட்டேன். அன்று ஒன்றரை மணி நேரத்தில் பதினோரு கணக்குகள் போட்டோம் என்று படிவத்தில் எழுதினேன். அவள் போட்டது ஒன்று. அதுவும் தப்பு.

படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் துணைப்பயணி கணினியில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஐந்து முகங்கள் இருக்கும். முதல் முகம் அழும். ஐந்தாவது முகம் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும். பயணி எந்த முகத்தில் இருக்கிறார் என்று நாம் தொட்டுக் காட்ட வேண்டும். போன வாரத்தைவிடக் குறைந்த முகத்தைத் தொட்டால் கணினி ஏற்றுக்கொள்ளாது. 'தயவுசெய்து மீண்டும் யோசிக்கவும்' என்று வரும். ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டபோது, "யோசிச்சா ஏறிடும் சார்," என்றார்.

இந்த முகங்களையெல்லாம் கோடாக்கி முன்னறைச் சுவரில் ஒட்டுவார்கள். 'முன்னேற்றச் சுவர்' என்று பெயர். கோட்டுக்கு மேலே பயணியின் எண்ணும், எண்ணைவிடப் பெரியதாகத் துணைப்பயணியின் புகைப்படமும் இருக்கும். வங்கிக்காரரின் கோடு மூன்றாவது வாரமே மூன்றாவது முகத்தைத் தாண்டிவிட்டது. என்னுடையது இரண்டில் கிடந்தது. தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அவர் புகைப்படம் என் புகைப்படத்தைக் குனிந்து பார்த்தது. நாலாவது வாரம் நான் மூன்றைத் தொட்டேன். ஆறாவது வாரம் நாலு. நான் கணக்குப் போடும்போது அவள் தலையாட்டியது உண்மை. முன்பைவிட வேகமாகத் தலையாட்டினாள். அதை முன்னேற்றம் என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன் என்று சொல்லத்தான் ஆசை. ஏழாவது வாரம் ஐந்து, எட்டாவது வாரமும் ஐந்து. சுவரில் என் புகைப்படம் வங்கிக்காரருக்கு மேலே போனது. அன்று மாலை வீட்டுக்கு நடந்தே போனேன், அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு ஐந்து சேர்ந்தாற்போல் வந்தால் பயணி 'நிறைவு' பெற்றுவிடுவார் என்பது பயிற்சிக் கையேட்டில் முப்பத்தொன்பதாம் பக்கத்தில் இருந்திருக்கிறது. நான் அடிக்கோடு போடாத பக்கம்.

ஒன்பதாவது வாரம் நான் போனபோது மேஜைகளை ஓரமாகத் தள்ளி மேடை போட்டிருந்தார்கள். உம்மணாமூஞ்சியின் கழுத்தில் நீலப் பட்டை. 'என் பயணம்' என்று தலைப்பிட்ட ஒரு தாளை அவள் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். அவளே எழுதியதாக இருந்த அந்த உரையை அவள் அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தாள். 'கணக்கு என்றால் இன்று எனக்கு ஒரு தோழி' என்ற இடத்தில் ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் கைதட்டினேன். சலவைக் கூடத்திலிருந்து அரைநாள் விடுப்பு எடுத்து வந்திருந்த அவளுடைய அம்மா கடைசி வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்து இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"ரொம்ப நன்றி சார். இனிமே பாஸ்தான்னு சொன்னாங்க. வீட்டுக்காரர் போனதுக்கு அப்புறம் எங்க வீட்ல நடந்த ஒரே நல்ல காரியம் இதான்."

நானும் கும்பிட்டேன். கீழே இறங்கும்போது, முதல் மாடித் திருப்பத்தில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். சான்றிதழைச் சுருட்டி வைத்திருந்தாள்.

"அடுத்த வாரத்துலேருந்து நான் வர வேணாமாம் சார். என் நாற்காலிய வேற யாருக்கோ குடுத்துட்டாங்களாம்."

"ஆமாம்மா. இப்பதான் எனக்கும் தெரியும்."

"எனக்குப் பின்னம் இன்னும் வரல சார். உங்களுக்கே தெரியும். வருதுன்னு நீங்கதான் சொன்னீங்களா?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. "ஆமா," என்றேன்.

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி சார்," என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம் காட்டுவதற்காக முகத்தைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்பத்து மூன்று வயதில், ஒரு சுவரில் என் படம் ஓரடி மேலே போக வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டிருக்கிறேன். பரீட்சைக்கு இன்னும் ஏழு வாரம்.

மறுநாள் அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு ஒருங்கிணைப்பாளரிடம் போனேன். நான் கொடுத்த முகங்கள் பொய் என்றும், அவளைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"முன்னேற்றத்துக்குப் படிவம் இருக்கு சார். பின்னேற்றத்துக்குப் படிவம் இல்ல."

"ஒரு வெள்ளைத் தாள்ல எழுதிக் குடுக்கறேன்."

"எந்த ஃபைல்ல வெக்கறது?" என்று நிஜமாகவே வருத்தத்தோடு கேட்டார்.

இயக்குநரைப் பார்க்கச் சொன்னார்கள். இயக்குநரின் அறையில் ஒரு சோபா இருந்தது. உட்கார்ந்தால் நம் முழங்கால் நம் முகவாய்க்கு வந்துவிடும். அந்த நிலையில் இருந்துகொண்டு யாராலும் எதையும் வலியுறுத்த முடியாது. நான் சொல்லி முடித்ததும் அவர் என்னைக் கனிவோடு பார்த்தார்.

"உங்க நேர்மைய நான் மதிக்கறேன். ஆனா ஒண்ணு யோசிங்க. ஆறு வருஷமா இந்த மையம் நடக்குது. ஒரு பயணிகூடப் பின்னால போனதில்ல. பரீட்சையில ஃபெயிலானவங்க இருக்காங்க. நிறைய பேர் இருக்காங்க. அது பரீட்சையோட பிரச்சினை. நாம அதுல தலையிடறதில்ல."

"அவளுக்குப் பரீட்சைதான் சார் பிரச்சினை."

"அதான் சொல்றேன். வந்த நாள்லேருந்து ஒரே பரீட்சை, பரீட்சைன்னு இருந்த பொண்ணு, இன்னிக்கு அஞ்சாவது முகத்துல நிக்குது. அந்தச் சந்தோஷத்தைப் பிடுங்கறதுக்கு நமக்கு என்ன உரிமை இருக்கு? பரீட்சை முடிவெல்லாம் நாங்க சேகரிக்கறதே இல்ல. மனசு ரொம்பச் சோர்ந்துடும்."

"யாருக்கு சார்?"

"ஆண்டறிக்கைக்கு," என்றார் இயக்குநர்.

பிறகு என் கையைப் பற்றி எழுப்பிவிட்டு, எனக்கு வந்திருப்பது 'துணைப்பயணிப் பிரிவுத் துயர்' என்றும், அது சகஜம்தான் என்றும், வெள்ளிக்கிழமை அதற்கு ஓர் ஆற்றுப்படுத்தல் அமர்வு நடக்கிறது என்றும் சொன்னார். போனேன். போகாவிட்டால் புதன்கிழமை உள்ளே விட மாட்டார்களாம். ஆளுக்கொரு பலூன் கொடுத்து, பிரிந்த பயணியை நினைத்து ஊதச் சொன்னார்கள். பக்கத்து நாற்காலியில் வங்கிக்காரர் பலூனைக் கையில் வைத்துக்கொண்டு ஊதாமல் உட்கார்ந்திருந்தார்.

"உங்க பையனும் நிறைவாயிட்டானா சார்?" என்றேன்.

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, யார்கிட்டயும் சொல்லாதீங்க. அவன் மூணாவது வாரத்துலேருந்து வரவே இல்ல. நான் பாட்டுக்கு முகத்தைத் தொட்டுக்கிட்டு வந்தேன். அடுத்த புதன்கிழமை அவனுக்குச் சான்றிதழ். யாரைக் கூட்டிக்கிட்டு வரதுன்னுதான் ஒரே யோசனையா இருக்கு."

அவள் வீட்டிலோ என் வீட்டிலோ சொல்லிக்கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பயணியை மையத்துக்கு வெளியே சந்திக்கவே கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அந்த மையத்தின் விதிகளில் எனக்கு நியாயமாகப் பட்டது அது ஒன்றுதான். எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். உம்மணாமூஞ்சியின் அம்மாவும் மையத்தைத் தவிர வேறெங்கும் அனுப்ப மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். ஆக வழியில்லை என்று நான் கைகழுவிவிட்டேன். வழியைக் கண்டுபிடித்தது அந்தப் பெண்தான்.

அடுத்த புதன்கிழமை மையத்தின் முன்னறையில் சான்றிதழோடு நின்றுகொண்டிருந்தாள். "சார், இதோட பின்பக்கம் படிச்சீங்களா?"

நிறைவு பெற்ற பயணி விரும்பினால் துணைப்பயணியாகப் பதிவு செய்துகொண்டு சேவையைத் தொடரலாம் என்று பொடி எழுத்தில் இருந்தது.

"நான் துணைப்பயணியாயிடறேன். எனக்கு ஒரு நாற்காலி குடுத்துடுவாங்க. ஆனா எனக்கு ஒரு பயணி வேணும்." சற்று நிறுத்தினாள். "சேர்க்கைத் தாள்ல வயசு வரம்பு போடல சார். நேத்து ஃபோன் பண்ணிக் கேட்டேன். கத்துக்க விரும்பற எவரும்னுதான் போட்டிருக்கு."

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முதலில் தோன்றியது, சுவரில் என் புகைப்படத்தை எடுத்துவிடுவார்களே என்பதுதான். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பயணியாகச் சேர ஓர் ஆரம்பத் தேர்வு எழுத வேண்டும். இருபது கேள்வி. ஏழுக்கு மேல் சரியாக எழுதிவிட்டால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நான் திட்டம் போட்டேன். மானம் மரியாதைக்காக ஆறு கேள்விகளை மட்டும் சரியாக எழுதுவது, மீதி பதினாலையும் வேண்டுமென்றே தப்பாக எழுதுவது. ஒருங்கிணைப்பாளர் திருத்திக் கொடுத்தார். ஐந்து சரி. எப்படியும் ஆறு இருக்க வேண்டுமே என்று வாங்கிப் பார்த்தேன். நான் கவனமாகச் செய்த ஆறில் மூன்று தப்பு. வேண்டுமென்றே தப்பாக எழுதியதில் இரண்டு சரியாகிவிட்டிருந்தது. "கவலைப்படாதீங்க சார், எல்லாரும் இப்படித்தான் வராங்க," என்று ஒருங்கிணைப்பாளர் என் தோளைத் தட்டினார். நான் பயணி நூற்று அறுபத்து மூன்று ஆனேன்.

அவள் பயிற்சியை ஒரே சனிக்கிழமையில் முடித்தாள். மீதி இரண்டு சனிக்கிழமையிலும் இதையேதான் சொல்லப்போகிறீர்களா என்று கேட்டாளாம், அவர்களால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. ஆக, பரீட்சைக்கு ஐந்து புதன்கிழமை மிஞ்சியது. துணைப்பயணியின் நாற்காலியில் அவளும், பச்சை டேப்புக்கு இந்தப் பக்கம் நானும் உட்கார்ந்தோம். பயணி எண் தெரியாதபடி கழுத்து அட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டேன். பெயருக்குத்தான் இந்த மாற்றம், உட்கார்ந்ததும் வழக்கம்போல நானே சொல்லிக்கொடுப்பேன் என்று நினைத்திருந்தேன். பென்சிலுக்குக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"நான்தான் சார் சொல்லிக்குடுக்கணும். நீங்க கேளுங்க."

தனக்குத் தெரியாததை அவள் எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். தடுமாறினாள், அழித்தாள், புத்தகத்தைப் புரட்டினாள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நான் குறுக்கே விழுந்தேன். "அதில்லம்மா", "இப்படிப் பாரு", "விடு, நான் போடறேன்." ஒவ்வொரு தடவையும் அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நான் முடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்தாள். முடிந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அன்று படிவத்தில் எனக்கு முதல் முகத்தைத் தொட்டாள். அழும் முகம். அடுத்த வாரமும் அதுவே. அதற்கடுத்த வாரமும் அதுவே.

முன்னேற்றச் சுவரில் ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஒரு கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. அதற்கு மேலே அவள் புகைப்படம் இருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். நாலாவது புதன்கிழமை நாங்கள் உட்கார்ந்ததும் இயக்குநரே மேஜைக்கு வந்துவிட்டார்.

"என்னம்மா இது? கோடு ஏன் எழுந்திருக்கவே மாட்டேங்குது?"

"அவருக்கு வரல சார்," என்றாள்.

"வரலன்னு நாம சொல்றதில்லம்மா. நாளைக்கு நம்ம ஆதரவாளர்கள் சுவரைப் பார்க்க வராங்க. இன்னிக்கு ஒரு முகமாவது ஏத்திடு. இல்லன்னா துணைப்பயணி சரியில்லன்னு ஆயிடும். அப்புறம் உன்னை எடுத்துட்டு வேற ஆள்தான் போடணும். எனக்கு வேற வழியில்ல. முன்னேறாதவங்களுக்கு உதவி செய்யற அளவுக்கு நம்மகிட்ட ஆள் இல்ல."

அவர் போனதும் நான் குனிந்து கெஞ்சினேன். "ரெண்டைத் தொட்டுடும்மா. இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு. அனுப்பிட்டாங்கன்னா உனக்குத்தான் நஷ்டம்."

"எனக்கு நீங்க அஞ்சு போட்டீங்க. என்ன ஆச்சு?"

அவள் புத்தகத்தைப் பிரித்து முன்னால் வைத்தாள்.

"ஒரு கணக்கு. ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் நீங்க குறுக்க பேசக் கூடாது. முகத்தைச் சுளிக்கக் கூடாது. பென்சிலைப் பார்க்கக் கூடாது. இருந்துட்டீங்கன்னா ரெண்டு போடறேன். நிஜமா வந்தாத்தான் போடுவேன்."

கணக்கு இது: ஒரு தொட்டியில் ஐந்தில் இரண்டு பங்கு தண்ணீர் இருக்கிறது. இன்னும் எழுபது லிட்டர் ஊற்றினால் நாலில் மூன்று பங்கு ஆகிவிடும். தொட்டி மொத்தம் எத்தனை லிட்டர் பிடிக்கும்?

அவள் ஆரம்பித்தாள். நாலில் மூன்றிலிருந்து ஐந்தில் இரண்டைக் கழிக்க வேண்டும் என்று சரியாகவே சொன்னாள். பிறகு மூன்றிலிருந்து இரண்டு போனால் ஒன்று, ஐந்துக்கும் நாலுக்கும் வித்தியாசம் ஒன்று என்று ஒன்றுக்குக் கீழே ஒன்றை எழுதினாள். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். "ஒண்ணுல ஒண்ணுன்னா முழுத் தொட்டி. அப்ப முழுத் தொட்டி எழுபது லிட்டர்," என்று எழுதி அடிக்கோடு போட்டாள். பச்சை டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் ஒரு முனை பிய்ந்திருந்தது. பரீட்சையிலும் இதையேதான் எழுதப் போகிறாள், மடிக்கிற மிஷின்தான், எல்லாம் என்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாயை மட்டும் திறக்கவில்லை.

நேரம் போனது. அவள் கேள்வியை மறுபடி தனக்குள் படிப்பது கேட்டது.

"சார்," என்றாள் மெதுவாக. கேள்வி என்னிடம் இல்லை, தாளிடம்தான். "எழுபது லிட்டர் ஊத்தினாலே முழுத் தொட்டியும் ரொம்பிடும்னா, முன்னாடி இருந்த தண்ணி எங்க போச்சு?"

அடிக்கோடு போட்ட எழுபதை ஒரே கோட்டில் அடித்தாள்.

"தப்பு," என்றாள். தடை செய்யப்பட்ட சொல்லை அந்த அறையில் அவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு நீளமான பெட்டி வரைந்து இருபது கட்டமாகப் பிரித்தாள். எட்டுக் கட்டத்தில் தண்ணீர் நிரப்பினாள். பதினைந்துவரை எண்ணினாள். நடுவில் ஏழு கட்டம். "ஏழு கட்டம் எழுபது லிட்டர். ஒரு கட்டம் பத்து. இருபது கட்டம் இருநூறு." பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். உம்மணாமூஞ்சி என்று நான் பெயர் வைத்த முகம் சிரித்தால் எப்படி இருக்கும் என்று பன்னிரண்டு வாரத்துக்கு மேலாக எனக்குத் தெரியாது. என் கண் கலங்கிவிட்டது. கை மரத்துப்போனதால் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவள் எனக்கு இரண்டாவது முகத்தைத் தொட்டாள். சுவரில் கோடு எழுந்து நின்றது. மறுநாள் ஆதரவாளர்கள் வேறு எந்தக் கோட்டையும் பார்க்கவில்லையாம். மேலேயே இருக்கிற கோடுகளைவிட இது நம்பும்படியாக இருக்கிறது என்று சொன்னார்களாம். இயக்குநர் என்னை அழைத்து, ஆண்டறிக்கையின் அட்டையில் என் படம் வரப்போகிறது என்றார். 'நாற்பத்து மூன்று வயதில் பின்னத்தை வென்றவர்.' எங்கள் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினார்கள். மெக்கானிக்குகள் இப்போது சோதனைத் தாளை என்னிடம் கொடுக்கும்போது, கூட்டல் சரிதானா என்று தாங்களே ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுக்கிறார்கள்.

அவள் பரீட்சை எழுதினாள். முடிவு வர ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் அவளும் நானும் புதன்கிழமை வந்தோம். எதற்கு என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஏழாவது புதன்கிழமை அவள் நாலாக மடித்த தாளை என் முன்னால் வைத்தாள். அவளே பிரித்தாள். நாற்பத்து நாலு.

நான் ஒரு சிறு உரைக்காக வாயைத் திறந்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். ஒருங்கிணைப்பாளரிடம் போய்ச் சொன்னோம். "ரொம்பச் சந்தோஷம்," என்றவர் கணினியில் தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஆனா இத எங்க ஏத்தறது? உங்க பயணம் ஒன்பதாவது வாரமே முடிஞ்சிடுச்சேம்மா. அதுக்கப்புறம் நடந்ததுக்கும் மையத்துக்கும் சம்பந்தமில்ல."

"பரவாயில்ல மேடம்," என்றாள் அவள். "நான் என் பயணியோட படிவத்தை நிரப்பிட்டுப் போறேன்."

மேஜைக்குத் திரும்பினோம். இனி அவள் வரப்போவதில்லை, கண் மருத்துவமனைக்குப் போய்விடுவாள், அதற்காகத்தானே இத்தனை பாடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். படிவத்தில், பயணி நிறைவு பெற்றாரா என்ற கேள்வி இருந்தது. ஆறு வாரத்தில் நான் கஷ்டப்பட்டு நாலாவது முகம்வரை ஏறியிருந்தேன். பெருந்தன்மையாக ஆம் என்று போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் 'இல்லை' என்பதைத் தொட்டாள்.

"ஏம்மா?" என்றேன். உண்மையிலேயே மனம் நோகத்தான் கேட்டேன்.

"அந்தக் கோர்ஸ்ல முதல் வருஷமே புள்ளியியல்னு ஒரு பாடம் இருக்காம் சார். நீங்க நிறைவாயிட்டா எனக்கு நாற்காலி யார் குடுப்பா?"

"எனக்குப் புள்ளியியல்ல ஒண்ணுமே தெரியாதேம்மா."

"அதான் தெரியுமே சார்," என்றாள். புதிய பாடம் என்ற இடத்தில் அதை எழுதி, முகங்கள் முதலிலிருந்து தொடங்கியதும் அழும் முகத்தைத் தொட்டுவிட்டு, பயணியின் கையெழுத்துக்காகத் திரையை என் பக்கம் திருப்பினாள்.